பெருவிரல் மை

குலப்பெருமை பேசுவோரின் பாட்டனார் எப்போதும் ஜமீன்தாராகவோ புலவராகவோதான் இருப்பார். என் கொள்ளுப்பாட்டனார் திருடர். கோலார் தங்கவயலில் தங்கம் திருடி வேலையை இழந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுவாராம். அந்த மீசையை வேடம் கலைத்த பின்பும் விடமாட்டாராம். மீசைக்குள்ளேதான் தங்கத்தை ஒளித்தார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு. குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் என் அத்தைப்பாட்டி, அவருடைய மகள். தொண்ணூறு வயது கடந்துவிட்டது. “திருடன் மகள்” என்று சொல்லி அவருக்கு நிச்சயித்த திருமணத்தை ஒரு வீட்டார் முறித்தார்கள். சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க நைனா திருடினாரா, இல்லியா? நீ படிச்ச புள்ள. பாத்துச் சொல்லு கண்ணு” என்றார்.

பௌதிகம் படிக்கிறவனிடம் கேட்கும் கேள்வியா இது? எனினும் தங்கவயல் எங்களுக்கு அந்நியமான ஊரன்று. 1965ஆம் ஆண்டு, பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை அங்கேதான் விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தப் பாதாளத்தைத் தோண்டியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் அந்தச் சுரங்கங்களுக்குத்தான் முதலில் போயிற்று. பெங்களூர்த் தெருக்களுக்கு 1905இல்தான் வந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் என் அறைக்குக் கீழே குடியிருப்பவரும் ஒரு தங்கவயல்காரரே. காலையில் அலுவலக வாயிலில் விரலை வைத்தால்தான் அவருக்குக் கதவு திறக்கும்.

அந்த விரல்தான் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. கொள்ளுப்பாட்டனார் வேலை இழந்தது “ஸ்ட்ரைக் வருஷம்” என்று அத்தைப்பாட்டி சொல்லியிருந்தார். எந்த ஸ்ட்ரைக்? பெங்களூரில் மாநில ஆவணக் காப்பகத்திலும் நூலகத்திலுமாக நான்கு சனிக்கிழமைகள் கழித்தேன். 1930இல் தங்கவயல் தொழிலாளர் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். கூலிக்காக அன்று. ஒவ்வொருவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து!

இன்று நமக்கு இது விந்தையாகத் தோன்றும். அன்று கைரேகை என்றால் குற்றவாளியின் அடையாளம். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் திறந்தது போலீஸுக்காகத்தான். (ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுக்க உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும், பெயர் மட்டும் ஹென்றி துரைக்கு!) தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்மீது இதே கட்டாயம் வந்தபோது காந்தியடிகளோடு சிறை சென்றவர்களில் தமிழர் ஏராளம். பதிவுச் சீட்டுகளை அவர்கள் 1908இல் ஜோகன்னஸ்பர்க்கில் தீயிலிட்டார்கள்.

ஆனால் காப்பகத்தில் கொள்ளுப்பாட்டனாரின் பெயர் இல்லை. ரேகை வைக்க மறுத்தவன் பெயர் ரேகைப் புத்தகத்தில் எப்படி இருக்கும்?

கீழ்வீட்டு நண்பரோடு மாரிக்குப்பம் போனேன். சயனைடு மண்மேட்டுக்கு அருகே, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தம் தகப்பனார் சொன்ன கதையைச் சொன்னார். மைப்பலகையோடு அதிகாரி உட்கார்ந்திருந்தாராம். கூத்தாடி ஒருவன் வரிசையில் வந்தான். மையில் பெருவிரலை அழுத்தினான். தாளில் வைக்காமல் மீசையின் இருபுறமும் தடவிக்கொண்டு, துரியோதனன் நடையில் வெளியே போய்விட்டான். வரிசையே சிரித்ததாம். “அவன் பேரு தெரியாதுப்பா. கூத்துக்காரன்னுதான் எங்கப்பா சொல்வாரு” என்றார். கதை மிக அழகாக இருந்ததால் எனக்குச் சந்தேகமும் வந்தது. தங்கவயலில் கூத்துக் கட்டியவர் ஒருவர்தானா?

நம்பத்தக்க சான்று ஊரிலேயே, அத்தைப்பாட்டியின் தகரப்பெட்டியில் கிடந்தது. படிக்கத் தெரியாத அவர் அதை நிலப்பத்திரம் என்று மட்டும் அறிந்து பத்திரப்படுத்தியிருந்தார். பிரமோதூத வருஷம் தை மாதம், அதாவது 1931. அரை ஏக்கர் மானாவாரி நிலத்தை அறுபது ரூபாய்க்கு அடமானம் வைத்த பத்திரம். எதற்காக? “தங்கவயல் மளிகைக்கடை பாக்கி தீர்க்கும் பொருட்டு.” கீழே, பதிவு அலுவலகத்தில் வைத்த இடது பெருவிரல் ரேகை, இன்னும் கறுப்பாக.

சுரங்கத்துக்குக் கொடுக்காத ரேகையை அரிசிக்கடனுக்குக் கொடுத்திருக்கிறார். தங்கம் கையில் இருந்தவன் பருப்புக்கும் உப்புக்கும் நிலத்தை எழுதிக் கொடுப்பானா? ஊரை ஏய்க்கக் கொடுத்திருப்பான் என்று வாதிடலாம். விஞ்ஞான மாணவன் அந்த வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். அந்த நிலம் கடைசிவரை மீளவே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த வாதம் எனக்கு நிற்கவில்லை.

அத்தைப்பாட்டியிடம் மை, மீசை, மளிகை பாக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மீசைக் கதையை இருமுறை சொல்லச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எழுந்திருக்கும்போது, “அந்த வூட்டுப் பேரன் ஆம்பூர்ல கடை வெச்சிருக்கான். நீ அவனுக்கு ஒரு கடுதாசி எழுது. பத்திரத்தையும் போட்டோ புடிச்சு அனுப்பு” என்றார்.

“எழுபது வருஷத்துக்கு மேலாச்சே, பாட்டி?”

“ஆனா என்ன? எழுது.”

சென்ற ஞாயிறு அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.