கோல் காத்த கைகள்

காற்பந்தாட்டத்தில் கோல் அடிக்க எல்லாரும் விரும்புவர். கோல் காக்க முன்வருவோர் சிலரே. எங்கள் மெர்சிங் வட்டாரத்துத் திடல்களிலும் இதுவே வழக்கம். ஆகவே, அவ்விடத்தில் நின்று புகழ்பெற்ற ஆர். ஆறுமுகம் அவர்களைப் பற்றி எழுத விழைகிறேன்.

1953-ஆம் ஆண்டு பிறந்த இவர், சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக விளங்கினார். நீண்ட கரங்களால் பந்தைத் தாவிப் பிடித்தமையால், மக்கள் இவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அன்புடன் அழைத்தனர்.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங்; கோலைக் காத்தவர் ஆறுமுகம். ஆயினும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் நாடு அப்போட்டியைப் புறக்கணித்தது. வென்றவர்கள் மாஸ்கோ செல்லவில்லை.

1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. அவர் விளையாடிய காலத்து அணியைத் தழுவி, 2016-இல் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது.

அடித்த கோல்கள் ஆட்டக் கணக்கில் ஏறும். தடுத்த கோல்கள் ஏறுவதில்லை. விடியுமுன் எழுந்து தோட்டத்தில் உழைக்கும் பெற்றோரின் பாடும் அத்தகையதே. மாணவச் செல்வங்களே, கணக்கில் ஏறாத அவ்வுழைப்பே நம் வீட்டைக் காக்கிறது என்பதை மறவாதீர்.