ஓடும் வீட்டின் அடுப்படிச் சுவர்

அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 10-ல் மேற்கே 200 கிலோமீட்டர் போல ஓட்டினால் குவார்ட்ஸைட் வரும். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. ஜனவரியில் போனால் சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை மோட்டார்ஹோம்கள். வடக்கு மாநிலங்களின் பனிக்கும் கனடாவின் குளிருக்கும் தப்பி, வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். ஊருக்குத் தெற்கே 95-ஆம் எண் சாலையை ஒட்டிய லா போசா அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க நான் போனபோது 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர். மின் இணைப்பு கிடையாது. சரளைக்கல் தரை, கிரியசோட் புதர்கள், தூரத்தில் ஜெனரேட்டர் உறுமல்.

ஒரே ஒரு கேள்வியோடுதான் போனேன். ஓடுகிற வண்டியின் அடுப்படிச் சுவரில் நிஜ டைல்ஸ் ஒட்டினால் நிற்குமா? முதல் நெடும்பயணத்திலேயே உதிர்ந்துவிடும் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று வேறு சிலர். ஒட்டிக்கொண்டிருக்கும் சுவரையும், ஒட்டி ஓட்டிய சுவரையும் பார்த்துவிடுவதென்று கிளம்பினேன்.

முதலில் போன வண்டி ஓய்வுபெற்ற ஒரு தம்பதியுடையது. இரண்டு படி ஏறினால் வலப்பக்கம் சிங்க். அதையடுத்து மூன்று பர்னர் கேஸ் அடுப்பு. பின்னால் இருந்த வினைல் காகிதம் எண்ணெய்ப் புகையில் பழுப்பேறி, அடுப்புக்கு நேரே குமிழ் விட்டிருந்தது. வீட்டுக்காரர் ஹீட் கன்னால் சூடாக்கி அதை உரித்துக்கொண்டிருந்தார். அடியில் செங்கல்லும் இல்லை, சிமென்ட் பலகையும் இல்லை. சுமார் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் மட்டும். விரலால் தட்டினால் சில இடத்தில் திடமான சத்தம், சில இடத்தில் வெற்றுச் சத்தம். வெற்றுச் சத்தம் வந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். சுவர் லேசாக உள்ளே போய்த் திரும்பியது. நிற்கிற வண்டியிலேயே இப்படியென்றால், ஓடும்போது இந்தச் சுவர் சும்மா இருக்காது.

அடுத்தது எடை. மேடைமேல் மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல்ஸ், நூறு கொண்ட பெட்டி. பன்னிரண்டரை சதுர அடிக்கு வரும். தூக்கிப் பார்த்தேன், 17 கிலோ போல இருக்கும். பசையும் சேர்ந்தால் 20 கிலோ என்று வையுங்கள். மோட்டார்ஹோமில் ஆட்களும் சாமான்களுமாக எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எத்தனை கிலோ என்பதும் அதிலேயே உண்டு. இந்த டைல்ஸ் 20 லிட்டர் தண்ணீருக்குச் சமம், அவ்வளவுதான். தொட்டியை அந்த அளவு குறைத்து ஓட்டினால் கணக்கு நேராகிவிடும். எடையைக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கவலை தந்தது டைல்ஸின் தடிமன். அடுப்பின் கண்ணாடி மூடியைத் திறந்தால் அது பின்சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். ஒரு டைலைச் சுவரில் வைத்து மூடியைத் தூக்கச் சொன்னேன். நேராக நிற்காமல் முன்பக்கம் சரிந்தது. பிளக் பாயின்ட்டும் அப்படித்தான். இந்த வண்டிகளில் அது மெல்லிய பலகையை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற வகை. சுவர் தடித்தால் கவ்வல் எட்டாது. வீட்டுக்காரர் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு அதைக் கழற்றிக் காட்டினார். பலகையின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம்கூட மிச்சமில்லை.

அதே வரிசையில் இன்னொரு வண்டியில் ஸ்டிக்கர் டைல்ஸ் பார்த்தேன். கத்தரிக்கோலால் வெட்டலாம், எடையே இல்லை, ஒரு தாள் 9 டாலர் என்றார்கள். சிங்க் பக்கம் அருமையாக ஒட்டியிருந்தது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் விளிம்புகள் சுருண்டு நிறம் மாறியிருந்தன. தினமும் தாளிக்கிற வீட்டுக்கு அந்த இடத்தில் இது ஆகாது.

கடைசியாக, நிஜ டைல்ஸ் ஒட்டி நான்கு வருடம் ஓட்டியவரின் வண்டி. “ஒரு கீறல்கூட விழவில்லை” என்றார் வாசலிலேயே. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். டைல்ஸ் ஒன்றும் அசையவில்லை. நகத்தால் தட்டியதில் ஓர் இடத்தில்கூட வெற்றுச் சத்தம் இல்லை. ஆனால் சுவரும் மேடையும் சேரும் மூலையில், சிமென்ட் கிரவுட்டில், சிங்கிலிருந்து அடுப்புவரை முடியளவு விரிசல் ஓடியிருந்தது. காட்டியதும் அவரே குனிந்து தடவிப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் மட்டும் அவர் கிரவுட் போடாமல் சிலிகான் வைத்திருந்தார். அங்கே ஒன்றும் ஆகவில்லை. அதே சுவர், அதே பயணம்.

இரவில் உறைபனி அளவுக்குக் குளிர், மதியம் இருபது டிகிரிக்கு மேல் வெயில், நடுவில் சாலைக் குலுக்கல். சுவர் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கமென்று அசையும்போது இறுகிய சிமென்ட் வெடிக்கத்தான் செய்யும். கட்டிய வீட்டிலும் இரண்டு பரப்புகள் சேரும் மூலையில் நெகிழ்வான பூச்சு வைப்பதுதான் முறை. ஓடும் வீட்டில் அதை விடவே கூடாது.

நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நிஜ டைல்ஸ் நிற்கும். நெகிழ்வான பசை வேண்டும். மூலைகள் அனைத்திலும், ஜன்னலைச் சுற்றியும் சிலிகான் வேண்டும். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தை முதலில் பலப்படுத்த வேண்டும். அடுப்பு மூடி இடிக்குமானால் அந்த அகலத்துக்கு மட்டும் மெல்லிய ஸ்டீல் தகடு போதும். துடைக்கவும் அதுதான் சுலபம். பெட்டி பெட்டியாக வாங்குவதற்கு முன், ஒரே ஒரு டைலை வாங்கிவந்து அடுப்புக்குப் பின்னால் வைத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள்.