வழி கேட்கக் கூடாத பந்தயம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சேலத்திலிருந்து பெரிய சாலையில்தான் ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டு வர, பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்கள். அந்த மலைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அயோத்தியாப்பட்டணம் பக்கமாகப் போனால் அடிவாரத்தில் குப்பனூர் என்று ஒரு கிராமம். அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஒரு சாலை மேலே போகிறது. பெரிய சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் இதை நினைப்பார் அதிகம் இல்லை. இந்த வாரம் உங்களை இந்த வழியாகவே அழைத்துப் போகிறேன்.

குப்பனூருக்கு வந்ததும் எல்லா வண்டிகளும் ஒரு காரியம் செய்கின்றன. கண்ணாடி இறங்குகிறது, ஒரு தலை வெளியே நீளுகிறது, "ஏற்காட்டுக்கு இப்படித்தானே?" என்கிறது. நாங்களும் கேட்டோம். டீக்கடை அம்மாள் பால் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இங்க திரும்பிட்டா அப்புறம் தப்பிப் போக வேற ரோடே இல்லை, கண்ணு" என்றாள்.

இப்படி வழி கேட்பதையே குற்றமாக வைத்து உலகத்தில் ஒரு பந்தயம் நடக்கிறது! ஓரியண்டீரிங் என்று அதற்குப் பெயர். பிறந்த இடம் சுவீடனும் நார்வேயும். 1897-ல் நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. பிறகு சுவீடனில் சாரணர் தலைவராயிருந்த மேஜர் கில்லாண்டர் என்பவர், ஓட்டப் பந்தயத்தில் இளைஞர்களுக்கு ருசி குறைந்துவருவதைப் பார்த்து, 1919 வாக்கில் காட்டையே மைதானமாக்கினார். புறப்படும் நிமிஷத்தில்தான் உங்கள் கையில் படத்தைக் கொடுப்பார்கள். படத்தில் வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், பாறை மறைவிலோ ஓடைக் கரையிலோ, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கொடி தொங்கும். வரிசை தவறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரவேண்டும். துணை ஒரு திசைகாட்டி மட்டுமே. எந்த வழியாகப் போவது என்பது உங்கள் இஷ்டம்.

அந்தப் படமும் நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த பூகோளப் படம் மாதிரி இராது. அதில் காடு வெள்ளை நிறம்! தடையில்லாமல் ஓடக்கூடிய காடு என்று அதற்கு அர்த்தம். பச்சை கூடக் கூடப் புதர் அடர்த்தி கூடுகிறது என்று பொருள். வெட்டவெளி மஞ்சள், தண்ணீர் நீலம், மேடு பள்ளங்களைச் சொல்லும் சம உயரக் கோடுகள் காப்பிப்பொடி நிறம்.

1961-ல் இதற்குச் சர்வதேசச் சம்மேளனம் ஏற்பட்டது. 1966-ல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்ற ஊரில் முதல் உலகப் போட்டி. அந்த முதல் போட்டியிலேயே பெண்களுக்கும் தனிப் பட்டம் இருந்தது. சுவீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட் என்ற பெண் அதை வென்றார். மாரத்தானில் ஓடப் பெண்களுக்குத் திராணி இல்லை என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தக் குடும்பத்தில் நாலு கிளைகள். 2019-ம் வருஷத்தை எடுத்துக்கொண்டால் நாலுக்குமே அந்த ஒரே ஆண்டில் உலகப் போட்டி நடந்திருக்கிறது. மார்ச்சில் சுவீடனின் பீத்தியோவில் பனிச்சறுக்குப் பிரிவு. படத்தை மார்புக்கு முன்னால் ஒரு சட்டத்தில் மாட்டிக்கொண்டு சறுக்குவார்கள். கோடையில் டென்மார்க்கில் சைக்கிள் பிரிவு. படம் கைப்பிடியின்மேல் பலகையில் இருக்கும். பெரும்பாலும் பாதையைவிட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. ஆகஸ்டில் நார்வேயில் காட்டோட்டம். அதில் சுவீடனின் தோவே அலெக்சாண்டர்சன் நெடுந்தூரம், நடுத்தூரம், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கினார். பனிச்சறுக்குப் பிரிவிலும் அவர் உலகப் பட்டம் பெற்றவர்!

நாலாவது கிளைதான் என் மனத்தைக் கவர்ந்தது. அந்த வருஷம் ஜூனில் போர்ச்சுகலின் இடான்யா என்ற பழைய ஊரில் நடந்தது. இதில் ஓட்டமே கிடையாது. பாதையில் நின்றபடி தூரத்தில் தெரியும் பல கொடிகளைப் பார்த்து, படத்திலுள்ள வட்டத்துக்குப் பொருந்துவது எது, அல்லது ஒன்றுமே பொருந்தவில்லையா என்று சொல்லவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் நடந்து வருபவரும் சரிசமமாகப் போட்டியிடலாம். சீக்கிரம் வந்து சேர்ந்ததற்காக யாருக்கும் பரிசு இல்லை. முழங்கால் வலிக்காரர்களே, கவனியுங்கள்.

அதே 2019 அக்டோபரில் சீனாவின் வூஹான் நகரில் உலக ராணுவ விளையாட்டுக்கள் நடந்தன. நடுத்தூரப் போட்டியில் சீன வீராங்கனைகள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் நாலாவதாகவும் வந்தார்கள். ஆண்களில் ஒருவர் இரண்டாவது. மற்ற நாட்டார் ஆட்சேபித்தார்கள். விசாரித்தால், உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய ஒற்றையடிப் பாதைகள், அடையாளக் குறிகள், வேடிக்கை பார்ப்பவர்போல் நின்று உதவிய ஆட்கள்! முடிவுகளை ரத்துசெய்தார்கள். காட்டில் தனியாக ஓடுகிறவரை எல்லா நேரமும் யார் காவல் காப்பது? அதனால்தான் இந்த ஆட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட வழி திருட்டுச் சொத்துக்குச் சமம்.

சரி, இதற்கும் குப்பனூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சாலை ஏற ஏறத் தெரியும். முதலில் முட்செடியும் வறண்ட பாறையும். பிறகு நிழல் கூடுகிறது. கொட்டச்சேட்டுப் பக்கம் வரும்போது வெள்ளி ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அடியில் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைகள் கோலத்து இழைபோல் பின்னிக்கிடக்கின்றன. மேட்டுக்கு மேடு, ஓடைக்கு ஓடை, பாறைக்குப் பாறை. இந்த ஆட்டத்துக்கென்றே செய்துவைத்த பூமி!

ஆனால் படம் வேண்டுமே! நம் தேசத்தை அளந்த கதையே தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. 1802-ல் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். 1808-ல் அரை டன் கனமுள்ள அவருடைய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நொறுங்கியது. மனிதர் அசரவில்லை, தாமே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். இவ்வளவு பாடுபட்டு வரைந்த படங்களில், நுணுக்கமானவற்றுக்கு நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாடு இருந்தது. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை கதவைச் சற்றே திறந்தது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகள் நன்றாகவே திறந்துவிட்டன. அதுவரை படம் படிக்கும் கலை ராணுவத்தில் இருந்தது. அப்புறம் என்.சி.சி.யில் இருந்தது.

என்.சி.சி. என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள், எனக்குத் தெரியும். கல்லூரியில் காக்கி உடுப்புப் போட்டு, திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்துக் கோணம் எடுத்தவர்கள் எத்தனை வீடுகளில் இன்று சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்! என் அண்ணி அவர்களில் ஒருத்தி. கலியாணமாகிப் பதினாறு வருஷம். அண்ணா ஓட்டுவார், அல்லது கைப்பேசி வழி சொல்லும். அண்ணி பின் சீட்டில் முறுக்கு டப்பாவுக்குப் பொறுப்பு.

தெரிந்தவர்களுடைய காப்பித் தோட்டத்தில், அவர்கள் அனுமதியோடு, அண்ணி ஒரு மணி நேரம் தனியாக நடந்தாள். காலடிகளை எண்ணி, பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் போட்டாள். காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகை, பலாமரம், கிணறு, யானை மாதிரி ஒரு பாறை, ஓடைப் பாலம். ஐந்து இடத்திலும் சிவப்பு ரிப்பன். பையனுக்குப் பத்து வயது. தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பெண்ணுக்குப் பதின்மூன்று. ஓடாமல், ஊசி காட்டிய வடக்குக்கும் தாளிலுள்ள வடக்குக்கும் பொருந்தும்வரை தாளைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் சொற்பம், அதுவரை சௌகரியம். (கஞ்சமலைப் பக்கம் மட்டும் ஊசியை நம்பிவிடாதீர்கள். அங்கே பாறையே இரும்புத் தாது!)

குழந்தை தயங்குவதைப் பார்த்து அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, அதோ அந்த..." என்று கையை நீட்டினார்.

"நீங்க சொல்லக் கூடாதுங்க" என்றாள் அண்ணி. "சொன்னீங்கன்னா அவளை ஆட்டத்திலிருந்து எடுத்துடுவேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணாவும் கேட்டதில்லை என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. கையை மடக்கிக்கொண்டார்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து அவள் நாலு ரிப்பனோடு வந்தாள். பையன் மூன்று ரிப்பனும் சட்டைப்பை நிறையக் கொய்யாக் காயும் கொண்டுவந்தான். பாறையடி ரிப்பன் யாருக்கும் கிடைக்கவில்லை. படத்தில் தப்பா, பார்த்தவர்கள் தப்பா என்று ஏற்காடு ஏரிக்கரை வரும்வரை சண்டை. திரும்பும்போது அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்தாள். முறுக்கு டப்பா அண்ணாவின் அம்மா மடிக்குப் போயிற்று.

நீங்களும் போவதானால் சில விவரங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தபின் காப்பி பூக்கும். மலையே மல்லிகைப் பந்தல்போல மணக்கும். மே மாதத்தில் கூட்டம் தாங்காது. மழைக் காலத்தில் அட்டை உண்டு. சாலையில் கல் விழுவதும் உண்டு. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். காட்டெருமைகள் இருக்கின்றன, அவை படம் பார்ப்பதில்லை. தோட்டம் என்றால் சொந்தக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டிக் காலணி, விசில், தண்ணீர், ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும். குழந்தைகளுக்கு எல்லை இன்னதென்று முதலிலேயே காட்டிவிடுங்கள். ரிப்பன்களைத் திரும்ப அவிழ்த்து எடுத்துவர மறக்காதீர்கள். எங்களுடையது ஒன்று இன்னும் அந்தப் பாறையடியில்தான் இருக்கிறது.