மாதம் 11 பக்கம்

பால் கணக்கும் பேப்பர் கணக்கும் எழுத எங்கள் வீட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். எழுதியது, அடித்தது, படித்தது, கேட்டது என்று நான்கு கட்டங்கள். பிப்ரவரி மாதத்துக்கு அதில் இருப்பது: எழுதியது 19 பக்கம், அடித்தது 8, மிச்சம் 11. படித்தது இரண்டரை நாவல். கேட்டது அநேகமாக ஒரே ராகம்.

11 பக்கம் பெரிய சாதனை இல்லை. இதுவரை பிரசுரமான கதைகள் நான்கு. அவற்றில் ஒன்றை வெளியிட்ட சிற்றிதழை, நடத்தியவர்களே இப்போது மறந்திருப்பார்கள். ஆகவே எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எழுத முயல்கிறவள் என்று வேண்டுமானால் சொல்லலாம். காலை நாலரையிலிருந்து ஆறு வரை என் நேரம். பிறகு குக்கர், டிபன் டப்பா, அலுவலகம். டில்லிக் குளிரில் அந்த ஒன்றரை மணியில் கால்மணி நேரம் விரல்களைச் சூடாக்கவே போய்விடும்.

இந்த மாதக் கதை ஒரு பிரஸ்வாலியைப் பற்றியது. தெற்கு டில்லியின் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு அவளைத் தெரியும். வேப்ப மரத்தடியில் ஒரு மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, கரி போட்டு ஊதுகிற கனத்த இஸ்திரிப் பெட்டி. 2016-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018-இல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. செய்தித்தாள்கள் மரங்களைப் பற்றி நிறைய எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் மரத்தடியில் இருந்தவளுக்கு வினை மரம் விழும் முன்பே வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு வீடு பூட்டப்பட்டால் தினமும் ஆறு உருப்படி குறையும். கடைசியில் நிழல் இருந்தது, துணி இல்லை. அவள் பெயரில் எந்த ஒதுக்கீடும் இல்லாததால் நஷ்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

விஷயம் கையில் இருக்கிறது. ஆனால் கதை மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. காரணம், அவள் வாயைத் திறந்தாள்.

அவள் பேசுவது ஹிந்தி. நான் எழுதுவது தமிழ். டில்லியிலிருந்து தமிழில் எழுதியவர்கள் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்க வேண்டும். ஆதவனின் 'காகித மலர்கள்' இந்த ஊர் நாவல்தான். ஆனால் அதில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், ஆங்கிலம் கலந்து பேசினால் போதும். என் பிரஸ்வாலியை என்ன செய்வது? புதுக் கட்டடம் வந்தால் தன்னை உள்ளே விடுவார்களா என்று அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, புச்சா கட்டடம் வந்தா என்னிய உள்ளாற வுடுவாங்களா?" இப்படிக் கேட்டால் அவள் வியாசர்பாடிக்காரி ஆகிவிடுகிறாள்.

"ஏம்மா, புதுக் கட்டடம் வந்துட்டா என்னைய உள்ள விடுவாகளா?" இப்போது பரமக்குடிக்கு ரயிலேறிவிட்டாள்.

"புதிய கட்டடம் வந்த பிறகு என்னை உள்ளே அனுமதிப்பார்களா?" இது யாரும் பேசாத பாஷை.

நான்காவதாக ஒரு வழி உண்டு. ஹிந்தி வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, அடியில் அர்த்தம் தருவது. அதைப் படிக்கும்போது எனக்குத் தூதரக அறிக்கை படிப்பதுபோல் இருக்கும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அவள் எஜமானியை 'ஆப்' என்பாள், எஜமானி அவளைத் 'தும்' என்பாள். 'தும்' என்பது நம் 'நீ' அளவுக்குக் கீழே இல்லை, 'நீங்கள்' அளவுக்கு மேலேயும் இல்லை. தமிழில் அந்தப் படிக்கட்டே கிடையாது. 'நீர்' என்று போட்டால் சரித்திர நாடகம்.

அந்தச் சமயத்தில்தான் ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழுப்பேறிய 'வனவாசி' கிடைத்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'ஆரண்யக்', த.நா. சேனாபதியின் தமிழில். கல்லூரி நாளில் காட்டுக்காகப் படித்த புத்தகம். இந்த முறை வேறு காரணத்துக்காகப் படித்தேன். கதை சொல்கிற சத்தியசரண் வங்காளி. அவனைச் சுற்றியிருக்கிற பீகார் காட்டு ஜனங்களின் பாஷை வேறு. அதை விபூதிபூஷண் வங்காளத்தில் எழுத, சேனாபதி தமிழுக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஆறுகளைத் தாண்டி வந்தும் ராஜு பாண்டேயும் நடனமாடும் சிறுவன் தாதுரியாவும் கண்முன் நிற்கிறார்கள். பேச்சு வழக்கால் அல்ல. ஒருவன் எதைச் சாப்பிட்டான், எவ்வளவு தூரம் நடந்து வந்தான், எதைக் கேட்கத் தயங்கினான் என்பவற்றால்.

அதில் இன்னொன்றும் என்னைத் தூங்கவிடவில்லை. சத்தியசரணின் வேலையே அந்தக் காட்டைக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவதுதான். அழிக்கச் சம்பளம் வாங்குகிறவன்தான் அந்தக் காட்டைப் பற்றி இவ்வளவு அன்பாகச் சொல்கிறான். யுகல்பிரசாத் என்று ஒருவன், எங்கெங்கிருந்தோ பூச்செடிகளைக் கொண்டுவந்து அந்தக் காட்டில் நட்டுக்கொண்டே இருப்பான். சத்தியசரணும் கூட நின்று ரசிப்பான். மறுநாள் குத்தகைக்கு நிலம் அளக்கப் போவான்.

அடுத்து அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', மூன்றாவது தடவையாக. 1948-ஐ ஒட்டிய செகந்தராபாத்தில் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன. எந்த மொழியில் பேசினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்காமல் சாதாரணத் தமிழை வைத்தே அவர் நகர்ந்துவிடுகிறார். எப்படி என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். கோடுகள் மிஞ்சின, தந்திரம் பிடிபடவில்லை. மிச்சமுள்ள அரை நாவல் குர்ரதுலைன் ஹைதரின் 'அக்னி நதி'. மௌரியர் காலத்தில் தொடங்கித் தேசப் பிரிவினைக்குப் பின்வரை போவது. மாத இறுதிக்குள் நான் நவாபுகளைக்கூடத் தாண்டவில்லை.

என் கதைகளுக்கு வீட்டில் ஒரே வாசகி அம்மா. என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பையனுக்கு அதுவும் இல்லை. அம்மாவுக்கு 81 வயது. இரண்டு வருஷமாக விழித்திரையின் மையம் தேய்ந்துவருகிறது. ஓரங்கள் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவைச் சொல்லிவிடுவாள், கையிலிருக்கும் பக்கத்தைப் படிக்க முடியாது. கும்பகோணத்துக் கல்யாண நாளிலிருந்து வாரப் பத்திரிகைகளை விடாமல் படித்தவள். அதனால் இப்போது ஞாயிறு மத்தியானங்களில் நான் படிக்க, அவள் கேட்கிறாள். நாவலென்றால் நாவல், என் கதையென்றால் என் கதை.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். மூன்றாவது வடிவம்.

"என்னடி இது, இஸ்திரி போடறவ டில்லி ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரிப் பேசறா?" என்றாள்.

மற்ற இரண்டையும் படித்தேன். சிரித்தாள்.

"அவ பேசினதை எதுக்கு எழுதற? அவ என்ன சொன்னாளோ அதை நீ சொல்லேன். நம்மாத்துல தினம் நான் அப்படித்தானே சொல்வேன், பிரஸ்வாலி வந்தா, இப்படிக் கேட்டான்னு?"

அன்று மாலை அந்த வாக்கியத்திலிருந்து மேற்கோள் குறிகளை எடுத்தேன். புதுக் கட்டடத்துக்குள் தன்னை விடுவார்களா என்று கேட்டாள். வியாசர்பாடியும் இல்லை, பரமக்குடியும் இல்லை. 'என்று' என்ற சொல் ஒன்று போதுமாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 'கேட்டாள்' என்று சொன்னவுடன், கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கதைக்குள் வந்துவிடுகிறாள். அவள் யார்? எங்கே நின்று கேட்டாள்? என்ன பதில் சொன்னாள்?

இங்கே நோட்டின் நான்காவது கட்டத்துக்கு வர வேண்டும். மாதம் முழுக்க அமீர்கானின் மார்வா. 1960-இல் வெளிவந்த இசைத்தட்டு, ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. இப்போது என் போனில் இருக்கிறது. 14 மாத்திரை ஜும்ரா தாளத்தை இவ்வளவு மெதுவாகப் போட்டால் அடுத்த சமம் வருமா என்றே சந்தேகம் வரும். அவர் 1974-இல் கல்கத்தாவில் கார் விபத்தில் இறந்தார். கேட்கும்போதெல்லாம், அவசரமே அறியாத இந்தக் குரலுக்கு அப்படி ஒரு முடிவா என்று தோன்றும்.

அம்மா கேட்டுவிட்டு, "ஹம்சாநந்தி மாதிரி இருக்கு. ஆனா ஷட்ஜத்துக்கே வரமாட்டேங்கறாரே" என்றாள். பிடித்துவிட்டாள். ஸ்வரங்கள் அவைதான், பஞ்சமம் கிடையாது. மார்வா பாடுகிறவர் ஷட்ஜத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். கோமள ரிஷபத்திலும் தைவதத்திலும் நிற்பார். வீட்டு வாசல் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. அஸ்தமன ராகம் என்பது அதனால்தான் பொருந்துகிறது. இதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு பாரத்தைக் காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் மாற்றி, கீழ் ஸ்தாயியில் உலவினால் பூரியா. மேலே ஏறி நின்றால் சோஹினி, அது பின்னிரவுக்கு. ஒரு ஸ்வரம்கூடக் கூடவோ குறையவோ இல்லை.

சங்கீத உவமை, எழுதுகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற பொறி. அமீர்கானைக் கேட்டதால் யாருக்கும் கதை வந்துவிடாது. ஆனாலும் மாதத்தின் மூன்றாவது வாரம் நான் செய்தது பாரத்தை மாற்றியதுதான். வேப்ப மரம், காலி வீடுகள், கரிப் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தவளைப் புது அடுக்குமாடியில் ஏழாவது மாடி ஒதுக்கீடு வாங்கியவளாக்கினேன். பால்கனியிலிருந்து பார்த்தால் மரம் இருந்த இடம் தெரியும், இப்போது கார் நிறுத்துமிடம். அவளிடம் மின்சார இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, துணிக்கு நேரம்தான் இல்லை. வாசலில் காவலாளி ரிஜிஸ்டரை நீட்டி, இந்தப் பொம்பளையைத் தெரியுமா என்று இன்டர்காமில் கேட்கிறான். எட்டு பக்கம் போனது அப்போதுதான். பிரஸ்வாலியின் கண்ணீர் இருந்த பக்கங்கள் எல்லாம். அவற்றில் இரண்டு நன்றாகவே இருந்தன. எடுக்க மனசில்லாமல் மூன்று நாள் வைத்திருந்தேன்.

கடைசி ஞாயிறு மிச்சமுள்ள 11 பக்கத்தையும் அம்மாவுக்குப் படித்தேன். நடுவில் பேசவில்லை. தூங்கிவிட்டாளோ என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். என்னைப் பார்ப்பதற்காக முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தாள்.

இன்டர்காம் வந்த இடத்தோடு என் பக்கங்கள் முடிந்தன. தெரியும் என்றாளா, தெரியாது என்றாளா என்று அம்மா கேட்பாள் என எதிர்பார்த்தேன்.

"அந்தக் கரிப் பெட்டியையும் தூக்கிண்டா வந்தா?" என்று கேட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. தெரியவில்லை என்றேன்.

"ஏழு கிலோ இருக்கும்டி அது. கேட்டுக்கு வெளியில எங்க வெச்சா?"

மார்ச் முதல் தேதி காலை அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.