நுரையும் ஈரமும்

க்ஷவர ஸோப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். சுளித்த முகத்துக்கும் நாளைக் காலையில் ஸோப்புப் போட்டுத்தானே ஆகவேண்டும்? அதிலும் மடக்குக் கத்தியால் க்ஷவரம் செய்கிறவர்களுக்கு இது அற்ப விஷயமே அல்ல. பிளேடு ரேஸரில் ஸோப்பு மட்டமாயிருந்தால் பெரும்பாலும் எரிச்சலோடு போகும். மடக்குக் கத்தியிலோ ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

சீமைக்குப் போகிறவர்கள் அங்கே தாமே முகக்ஷவரம் செய்துகொள்ளவாவது கற்றுவிடுகிறார்கள் என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் தகப்பனார் சீமைக்குப் போனவரல்லர். வெள்ளாற்றங்கரையிலுள்ள கருவேப்பிலங்குறிச்சியை விட்டு அதிகமாய் நகர்ந்தவருமல்லர். ஆனாலும் ஐம்பது வருஷ காலம் தம் கையாலேயே மடக்குக் கத்தி பிடித்தவர். எண்பதைத் தாண்டியபின் கை நடுக்கம் கண்டது. கத்தி நம் கைக்கு வந்து சேர்ந்தது. கிழவர் முகத்தில் தோல் எண்ணெய்க் காகிதம்போல் மெலிந்து, கன்னம் குழிந்து, கழுத்து மடிந்திருக்கும். தாடியோடு நாலு பேர் முன்னால் உட்கார அவருக்கு மனம் இடம் கொடுக்காது. "கத்தியை நான் சொல்லிக் கொடுக்கிறேன். ஸோப்பை மட்டும் நீ பார்த்து வாங்கு" என்றார்.

நாம் பார்க்கத் தொடங்கினோம். முதலில் வீட்டிலிருந்த குளிக்கும் ஸோப்பையே குழைத்தோம். நிமிஷத்தில் மலைபோல் நுரை எழும்பிற்று. வலது கன்னத்தை முடித்து இடது கன்னத்துக்கு வருவதற்குள் அந்த மலை மறைந்து முகம் வறண்டது. "என்னடா, உப்புத்தாள் போட்டு இழைக்கிறாய்?" என்று தகப்பனார் கேட்டார்.

இதற்குக் காரணம் உண்டு. எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்தால் ஸோப்பு உண்டாகிறது என்பது நாம் அறிந்ததே. குளிக்கும் ஸோப்புக்கட்டியில் சேருவது பெரும்பாலும் சோடாக் காரம். அதனால் கட்டி இறுகி நிற்கிறது. தேங்காயெண்ணெய் சேர்ந்திருந்தால் பெரிய குமிழிகள் சீக்கிரம் எழும்பிச் சீக்கிரமே உடைகின்றன. நல்ல க்ஷவர ஸோப்பில் பொட்டாஷ் காரமும் கலந்திருக்கும்; அது ஸோப்பை இளக்கித் தண்ணீரில் எளிதாய்க் கரையச் செய்கிறது. ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஏராளமாயிருந்தால் நுரை சிறு குமிழிகளாய், அடர்த்தியாய் நிலைத்து நிற்கும். கிளிஸரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கொழுப்புக்குள் அடங்கிய இந்த அமிலங்களை ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டவர் பிரான்ஸ் தேசத்து ஷெவ்ரல் என்ற ரஸாயன சாஸ்திரி. இதை அறிவதில் நம் வீடுகளுக்கு ஒரு லாபம் இருக்கிறது. மாட்டுக் கொழுப்பு கூடாது என்பவர்கள், நல்ல க்ஷவர ஸோப்பே தமக்கு விதிக்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை. பனைவகை எண்ணெயிலிருந்து எடுத்தாலும் ஸ்டியரிக் அமிலம் ஸ்டியரிக் அமிலமே. டப்பாவின் மேல் 'டாலோ' என்ற சொல் இருந்தால் அது மிருகக் கொழுப்பு என்று அறிந்துகொண்டால் போதும்.

இவ்வளவு தெரிந்துகொண்டு ஒரு க்ஷவர ஸோப்பு வில்லையும், குழாயில் வரும் பசை ஒன்றும் வாங்கினோம். பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து ஒரு கிண்ணமும் வந்தது. கனத்த பீங்கானை முதலில் வெந்நீரில் வைத்தெடுத்தால் நுரையின் சூடு நெடுநேரம் ஆறாது. எல்லாம் இருந்தும் வில்லை நுரைக்கவில்லை. திரிந்த பால்போல் திப்பி திப்பியாய்ப் பிரிந்தது. பசையோ ஒருவாறு நுரைத்தது.

அப்போது வீட்டுக்கு வந்திருந்தவர் ஊரின் பழைய நாவிதர். தொழிலை விட்டுப் பல வருஷமானவர். கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார். "தம்பி, ஸோப்பு மேலே குத்தமில்லே. தண்ணியை மாத்துங்க" என்றார்.

நம் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீஷியமும் ஸோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகின்றன. அந்தச் சத்துக்களைக் கட்டிப்போடும் மருந்துகள் சில பசைகளில் கலந்திருப்பதால் அவை சற்றுத் தாக்குப்பிடிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளிய விட்டால் கடினத்தில் ஒரு பகுதி நீங்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் கவலையே இல்லை. மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைக் காய்ச்சி அதே வில்லையைக் குழைத்தோம். கட்டித் தயிர்போல் பளபளவென்று நுரை திரண்டது. கிழவர் இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "நுரை கண்ணுக்கு, ஈரம் கத்திக்கு. விரல் வழுக்கினா கத்தியும் வழுக்கும்" என்றார்.

விளம்பரங்கள் இந்த உண்மையைத்தான் சொல்வதில்லை. அவை காட்டுவது வெண்ணுரையை. கத்தி ஓடுவதோ அதனடியிலுள்ள வழுக்கலில். அமுக்கினால் பொங்கிவரும் டப்பா நுரையில் காற்றே அதிகம். மடக்குக் கத்தியின் நிதானமான வேலைக்கு அது தாங்குவதில்லை. மயிர் தண்ணீரைக் குடித்தால்தான் இளகும். ஆகவே வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்துவிட்டு, பிரஷ்ஷில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் சேர்த்துக் குழைக்கவேண்டும். நுரை மங்கி ஒட்டினால் தண்ணீர் போதாது. பெரிய குமிழி விட்டால் தண்ணீர் மிஞ்சிவிட்டது, அல்லது குழைத்தது போதாது.

வாசனையிலும் ஜாக்கிரதை வேண்டும். கற்பூரமும் புதினா உப்பும் முகத்தைக் குளிரச் செய்து, எரிச்சலை மறைத்துவிடும். மெல்லிய தோலுக்கு வாசனையற்றதே மேல். புது ஸோப்பை முன்கையின் உட்புறத்தில் தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. கத்தியைச் சுமார் முப்பது டிகிரி சாய்த்துப் பிடித்து, தோலை இழுத்து நிறுத்தி, மயிர் வளர்ந்த போக்கிலேயே ஓட்டவேண்டும். முடிந்ததும் ஈரம் துடைத்து வைக்காவிட்டால் எஃகு துருவேறும். ஒரு கத்தி ஒரே முகத்துக்குத்தான். ரத்தத்தால் பரவும் மஞ்சட்காமாலை போன்ற நோய்களுக்குத் தந்தை மகன் என்ற உறவு தெரியாது.

இப்போது நம் வீட்டில் மழைத் தண்ணீர் இருக்கும்வரை வில்லை. அது தீர்ந்தால் பசை. தகப்பனாருக்கு இரண்டும் சம்மதமே. க்ஷவரம் முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லாமலிருப்பார். குற்றம் சொல்லாததே அவரிடமிருந்து கிடைக்கும் நற்சாட்சிப் பத்திரம்.

ஸோப்பு வாங்கப் போகும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். ஒரு சிறு சீசாவில் தண்ணீர் விட்டு, ஸோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைத்தால் வில்லை வாங்கலாம். திரிந்தால் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையேல் பசையை நாடுங்கள். விலையும் படமும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாக, அது பிறர் முகத்துக்கென்றால், முதலில் உங்கள் முகத்தில் போட்டுப் பாருங்கள்.