டொரதி ஓடிப்போகவில்லை

2024இலும் 2025இலும் ‘விக்கெட்’ படங்கள் (கிரிக்கெற் அல்ல, பச்சை நிறச் சூனியக்காரியின் கதை) வந்த பிறகு எங்கள் குசினியில் வேலை செய்கிற பெடியள் கூட ஓஸ் நாட்டைப் பற்றிக் கதைக்கிறார்கள். எனக்கு அந்தப் பேரைக் கேட்டால் 2012இல் லண்டன் பலேடியத்தில் பார்த்த ‘த விஸார்ட் ஒஃப் ஓஸ்’ இசை நாடகம்தான் ஞாபகம் வரும். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும்.

2011 மார்ச்சில் தொடங்கி 2012 செப்ரெம்பர் வரை ஓடிய நாடகம் அது. 1939ஆம் ஆண்டு ஹொலிவூட் படத்தின் பாட்டுகளோடு அன்ட்ரூ லொயிட் வெப்பரும் ரிம் றைஸும் புதிதாகச் சில பாட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். டொரதியாக நடிக்க ஆள் தேடி 2010இல் பிபிசி ரீவியில் வாரக்கணக்காகப் போட்டியே நடந்தது. அக்காவின் மகளுக்கு அப்போது எட்டு வயது. “எனக்கு லீவு இல்லை, நீயே கூட்டிக்கொண்டு போ தம்பி” என்றா அக்கா. மேல்மாடியில், கடைசிக்கு முந்தின வரிசையில் இரண்டு ரிக்கற். அதுவே ஒரு நாள் முழுக்கக் கோப்பை கழுவின காசு.

கதை தெரியாதவர்களுக்கு: எல். பிராங்க் போம் 1900இல் எழுதிய சிறுவர் கதை. கன்சாஸ் வெட்டவெளியில் ஹென்றி மாமாவோடும் எம் மாமியோடும் வாழ்கிற, தாய் தகப்பன் இல்லாத சிறுமி டொரதி. சூறாவளி ஒன்று அவளை வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்ற மாய நாட்டில் போட்டுவிடுகிறது. ஒரு வெருளி, ஒரு தகர மனிதன், ஒரு பயந்தாங்கொள்ளிச் சிங்கம், இவர்களோடு அவள் வீடு திரும்ப வழி தேடுகிறாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் இருந்தபோது, ஆங்கிலம் பிடிபடட்டும் என்று அட்டை கிழிந்த பிரதி ஒன்றை எடுத்து அகராதியும் கையுமாக வாசித்தேன். சின்னப்பிள்ளைக் கதையென்று நினைத்துத்தான் எடுத்தது. 2006இல் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு என் படிப்பும் இரண்டாம் வருடத்தில் நின்றுபோனது. பிறகு நாடு மாறி, குசினி மாறி, எத்தனையோ மறந்துவிட்டேன். அந்தக் கதை மட்டும் வரி வரியாக நினைவிருந்தது.

நாடகத்தில் சூறாவளிக் காட்சியை அருமையாகச் செய்திருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மருமகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அதற்கு முன்னாலேயே எனக்கு நாடகம் கசந்துவிட்டது. தொடக்கத்திலேயே ஒரு புதுப்பாட்டு: தன்னை ஒருவரும் விளங்கிக்கொள்கிறார்களில்லை என்று டொரதி மூக்கைச் சிந்துகிறாள். பிறகு படத்தில் வருவதுபோலவே நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறாள். சூறாவளி அதற்குப் பிறகுதான் வருகிறது. கடைசியில் வீடுதான் எல்லாம் என்று புத்தி வந்து திரும்புகிறாள். ஓடினவளுக்கு ஒரு பாடம்!

புத்தகத்தில் டொரதி எங்கேயும் ஓடவில்லை ஐயா. காற்று இரைந்து வருகிறது. மாமா மாடுகளைப் பார்க்க ஓடுகிறார். மாமி நிலவறை மூடியைத் திறந்து இறங்கியபடி பிள்ளையைக் கூப்பிடுகிறா. நாய் கையிலிருந்து பாய்ந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிடுகிறது. நாயைப் பிடித்துக்கொண்டு அரைவாசித் தூரம் வருவதற்குள் வீடு கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இந்த இடம் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும். பொம்பர் சத்தம் கேட்டதும் பனங்குற்றி அடுக்கின பங்கருக்குள் அம்மா இறங்கி நின்று கத்துவா. நாங்கள் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு நிற்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஒருவரும் ஊர் அலுத்துப்போய் நடக்கவில்லை. ஆனால் இங்கே வந்த பிறகு விசாரணை மேசையிலும் சரி, கடை வாசலிலும் சரி, “ஏன் வெளிக்கிட்டாய்?” என்றுதான் கேட்கிறார்கள், நாங்கள்தான் ஆசைப்பட்டு வெளிக்கிட்டதுபோல. அதே கதையை மேடையில் பாட்டோடு காட்டினால் எரியாமல் என்ன செய்யும்?

‘ஓவர் த றெயின்போ’ பாட்டு வந்தபோது மட்டும் மனம் இளகியது. அது படத்திலிருந்து வந்த பாட்டு. எழுதிய ஹார்பர்க் ரஷ்யாவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த ஏழை யூதப் பெற்றோரின் பிள்ளை. 1950களில் ஹொலிவூட் கறுப்புப் பட்டியலில் போட்டு அவருக்குப் படவேலை கிடைக்காமல் செய்தார்கள். புதுப்பாட்டுகள் சத்தமாக இருந்தன, மெட்டும் குறையில்லை. வீடு திரும்பி வரும்போது ஒன்றும் வாயில் வரவில்லை.

முடிவுக்கு வருகிறேன். படத்தில் போலவே மேடையிலும் டொரதி தன் பழைய கட்டிலில் கண் விழிக்கிறாள். சுற்றிவர எல்லாரும் நிற்கிறார்கள், வீடு அப்படியே இருக்கிறது. புத்தகத்தில் அந்த வீடு போனது போனதுதான். அவள் வந்து இறங்கும்போது முன்னால் நிற்பது மாமா புதிதாகக் கட்டிய வீடு. மாமி கோவாவுக்குத் தண்ணீர் விட வெளியே வருகிறா. பறந்து வந்த வழியில் வெள்ளிச் சப்பாத்துகளும் (சிவப்பு நிறம் படத்துக்காக மாற்றியது) கழன்று பாலைவனத்தில் விழுந்து தொலைந்துவிடுகின்றன. திரும்பிப் போகலாம், ஆனால் போன இடத்தில் பழைய வீடு இல்லை என்று 1900இலேயே ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறார். நாடகக்காரருக்கு அதைச் சொல்ல மனமில்லை.

நாடகம் பார்த்த கோபத்தில்தான் மற்றப் புத்தகங்களையும் தேடினேன். போம் எழுதிய ஓஸ் கதைகள் மொத்தம் 14. உரிமைக்காலம் முடிந்து இணையத்தில் சும்மா கிடக்கின்றன. இரவு பஸ்ஸில் போனில் வாசித்தேன். 1910இல் வந்த ஆறாவது புத்தகத்தில், சூறாவளியில் போன வீட்டுக்குப் பதிலாக வீடு கட்ட வாங்கிய கடன் மாமாவின் கழுத்தை நெரிக்கிறது. காணியை வங்கி எடுக்கப்போகிறது. டொரதி ஓஸ் நாட்டு அரசியிடம் கேட்டு, மாமாவையும் மாமியையும் அங்கேயே கூப்பிட்டுவிடுகிறாள். பிறகு மூவரும் கன்சாஸுக்குக் குடியிருக்கத் திரும்புவதில்லை. அரண்மனையில் பட்டு உடுப்போடு சும்மா இருக்கத் தெரியாமல் அந்த இரண்டு கிழடுகளும் கூச்சப்படுகிற இடம் இருக்கிறதே... அக்கா வீட்டுக்கு வந்த புதிதில் அம்மா கதிரை நுனியில் இருந்த இருப்புத்தான்.

மருமகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். போன மாதம் இந்த ஆறாம் புத்தகக் கதையை அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அப்ப டொரதி ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறா, மாமா.”