புளி விற்ற பணத்தில் ஒரு வண்டி

எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே மெக்கானிக் வந்துவிட்டார். வண்டி வந்தது அந்த வருசத்துப் புளி உலுக்கல் எல்லாம் முடிந்த பிறகு. மெக்கானிக் அண்ணனோ தை பிறந்ததிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் திண்ணைக்கு வந்து, ஆயா கொடுக்கும் வரக்காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, இன்னும் வாங்காத வண்டியைப் பற்றி அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டோரத்து ஊர் ஒன்றில் வாத்தியார் வேலை. நாங்கள் இருந்தது பாப்பாரப்பட்டியில். காலையில் ஒரு பஸ் பிடித்து பென்னாகரத்தில் இறங்கி, அங்கே நிற்கும் இன்னொரு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அது கிளம்பிவிட்டால் மாங்காய் ஏற்றப் போகிற டெம்போவோ, பால்கேன் கட்டிய டிவிஎஸ் 50யோ, எது நிற்கிறதோ அதில் தொற்றிக்கொள்வதுதான். இரவு வீடு திரும்பும் அப்பாவின் சட்டையில் சாக்பீஸ் தூளும், பஸ் கூட்டத்து வியர்வையும், யாரோ மடியில் வைத்திருந்த கருவாட்டுக் கூடையின் மணமும் கலந்து வரும். அம்மா ஒன்றும் சொல்லாமல் சட்டையை வாங்கி வாளியில் போடுவாள். அந்த வருசம் புளி நன்றாகக் காய்த்தது. கொல்லைமேட்டில் தாத்தா வைத்த மரங்கள் அவை. ஆயாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வாசலில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்துக் குவித்ததில் வீடே புளித்துக் கிடந்தது. அந்தப் பணத்தோடு அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்தால் ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று கணக்கு வந்தது. புது வண்டி என்ற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

எந்தப் பழைய வண்டி என்பதில்தான் வீடு நாலாய்ப் பிரிந்தது. தாத்தாவுக்கு புல்லட் தவிர வேறெதுவும் வண்டியே இல்லை. மெட்ராஸில் திருவொற்றியூரில் செய்கிற வண்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக்; ஊருக்குள் அது வந்தால் மாடுகூட ஒதுங்கி நிற்கும் என்பார். சின்ன மாமாவுக்கு ஆர்எக்ஸ் 100. அதன் பெயரைச் சொல்லும்போதே அவர் வலது கை தானாக முறுக்கும். அதைப் பார்த்தே அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவுக்கு உள்ளூர ஹீரோ ஹோண்டா சிடி 100 மேல் கண். நாலு ஸ்ட்ரோக், ஆயில் கலக்க வேண்டாம், ஒரு லிட்டருக்கு அது ஓடும் தூரத்தைக் கேட்டால் கணக்கு வாத்தியாருக்கு மயக்கமே வரும். ஆனால் செகண்ட் ஹேண்டில்கூட அதன் விலை இறங்க மறுத்தது.

எனக்கு யெஸ்டி. இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்த வண்டி அது. உதைத்து ஸ்டார்ட் செய்கிற அதே கம்பியை மடக்கினால் கியர் போடும் கம்பியாகிவிடும். ஒரு கம்பி இரண்டு வேலை செய்கிறது என்றால் அதைவிடச் சிக்கனமான வண்டி உலகத்தில் ஏது என்று நான் அப்பாவிடம் வாதாடினேன். எட்டு வயதுக்கு அது நல்ல வாதம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. "தம்பி சொல்றது சரிதான் வாத்தியாரே. ஆனா மைசூர் கம்பெனியே தள்ளாடிக்கிட்டு இருக்கு. நாளைக்கு ஒரு பொருளு போச்சின்னா நான் பெங்களூருக்குப் பஸ் ஏறணும். வண்டி பழசானா பரவால்ல, பொருளு பாலக்கோட்டுல கிடைக்கணும்" என்றார். அவர் சொன்னபடியே 1996-இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. அப்போது நான் யெஸ்டியை மறந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டிருந்தேன்.

அவர் பட்டறை ஒரு புங்கமரத்து நிழல், நாலு தகரம், தொங்கும் டயர்கள், கிரீஸ் அப்பிய ஒரு ரேடியோ, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது, எது விழுந்து எழுந்தது, எதற்கு எத்தனை தடவை போர் போட்டது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் அப்பா வண்டியைத் தேடவில்லை. அவர் தேடித் தருவதற்காகக் காத்திருந்தார்.

கடைசியில் பாலக்கோட்டில் ஓர் இண்ட் சுசுகி இருப்பதாகத் தகவல் வந்தது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டில், கோணிப்பை போர்த்தி நின்றது. டிஎன் 29 எல்லாம் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். 1984-இல் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து ஓசூரில் செய்ய ஆரம்பித்த நூறு சிசி வண்டி அது. ஓசூர் அப்போது எங்கள் ஜில்லாதான். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதுதான் அதுவும் அந்தப் பக்கம் போனது. "நம்ம ஜில்லா வண்டி" என்ற ஒரு சொல்லில் தாத்தாவின் புல்லட் கட்சி பாதி கரைந்துவிட்டது.

அண்ணன் வண்டியைப் பார்த்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை. முதலில் இஞ்சினைத் தொட்டார். சில்லென்று இருந்தது. முன்னமே ஓட்டிச் சூடாக்கி வைத்துக்கொண்டு, 'ஒரே உதை' என்று காட்டுகிறவர்கள் உண்டாம். பிறகு கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெல்ல அமுக்கினார். அது பாதியில் எதிர்த்து நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார். பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தை வெயிலில் பார்த்தார். முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து அசைத்தார். ஃபோர்க்கை அழுத்தி ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் தரகரைப் போல பின் சக்கரத்துப் பல்சக்கரத்தை உட்கார்ந்து பார்த்தார். பல் தேய்ந்து வளைந்திருந்தால் செயினும் செலவாம். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு பார்க்கும்போது மட்டும், பக்கத்தில் நின்றிருந்த தாத்தாவின் பீடியைப் பிடுங்கி எறிந்தார். அம்மா எனக்கென்று ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தாள்: சேலை கார்டு இருக்கிறதா, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் இருந்தன. அதைச் சொன்னபோது என் குரலில் ஓர் இன்ஸ்பெக்டரின் மிடுக்கு இருந்ததாக மாமா பிற்பாடு வெகு நாள் கேலி செய்தார்.

ஆர்.சி. புக் பெயர் மாற்ற சேஸிஸ் நம்பரை அச்செடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பி, கழுத்துப் பகுதியில் ஒட்டிய சேற்றைப் பெட்ரோல் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்து பென்சிலை படுக்கவைத்துத் தேய்த்தால், ஒன்றுமில்லாத தாளில் எழுத்தும் எண்ணும் வெளுப்பாகக் கிளம்பி வரும். புக்கில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அப்பா டிக் போட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே சிவப்புப் பேனா.

அன்றிலிருந்து எங்கள் காலை வேறாகிவிட்டது. அம்மா அடுப்பில் ராகிக் களி கிண்டும் துடுப்புச் சத்தம் நின்றதும் வாசலில் அப்பா சோக்கை இழுப்பார், பெட்ரோல் காக்கைத் திருப்புவார், இரண்டு உதை வெறுமனே போகும், மூன்றாவதில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். நீலப் புகை வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு அவரைப் பந்தலுக்குள் நுழைய, அந்த வீட்டுப் பெரியம்மா உள்ளேயிருந்தே "வாத்தியாரு கெளம்பிட்டாரு" என்று தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்துவாள். பெட்ரோலோடு டூ-டி ஆயில் வேகும் அந்த வாசனையும், களிக்கு ஊற்றிய கொள்ளுச் சாற்றின் பூண்டு வாசனையும் எனக்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டு விட்டன. எங்காவது சிக்னலில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் முன்னால் நின்றால் இன்றும் எனக்குப் பசிக்கிறது.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளே களம். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிரும். நாலு சக்கரத்துக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு சக்கரம் அதன் மேல் பிரேக் போட்டால் வழுக்கும், கொடி செயினில் சுற்றிக்கொள்ளும். அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செயினிலிருந்து கொடியை உருவுவார். கொள்ளுக்காரர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்பதோடு நில்லாமல், "சார், அப்படியே இன்னொரு தடவை ஏத்திட்டுப் போங்க" என்றும் கேட்டுக்கொள்வார்.

பள்ளி லீவு விட்டதும் ஒகேனக்கல். டேங்க் மேல் நான், பின்னால் ஒருக்களித்து அம்மா, அவள் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. பென்னாகரம் தாண்டி மலை இறக்கம் தொடங்குமுன் அப்பா ஒருமுறை அண்ணனின் கட்டளையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்: இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமென்று இஞ்சினை அணைக்கக் கூடாது, ஆக்சிலேட்டரை அடியோடு மூடியும் வைக்கக் கூடாது, அவ்வப்போது லேசாக முறுக்கிவிட வேண்டும். பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டனுக்கு ஆயில் எங்கிருந்து வரும்? வளைவுக்கு வளைவு வண்டி "ர்ர்ரும்" என்று ஒரு குரல் கொடுத்து அடங்குவதை, குரங்குகளை விரட்டத்தான் அப்பா அப்படிச் செய்கிறார் என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன். கீழே ஆற்றங்கரையில் எண்ணெய்க் குளியலும் மீன் வறுக்கும் வாசமும். மாலையில் ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தி வண்டியை ஆறவிட்டு, நாங்களும் ஆறுவோம்.

எப்போதாவது வண்டி இழுக்காமல் மந்தமானால் பட்டறைக்குப் போகும். சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவி, காய்ந்த முள்ளுக் கட்டையைக் கூட்டித் தீ வைத்து, அதில் போட்டுச் சுடுவார் அண்ணன். உள்ளே அப்பியிருக்கும் கரி சிவந்து, எரிந்து, தட்டினால் பொருபொருவென்று உதிரும். அதைச் செய்து முடித்த அன்றைக்கு வண்டி பத்து வயது குறைந்து ஓடும். அந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி ஒரு டீயும் பன்னும்தான்.

இப்படியே பல வருசம் ஓடிய பிறகு, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவுக்கு மாற்றல் கிடைத்தது. சைக்கிளே போதும் என்றாகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளம் வாத்தியார் வண்டியைக் கேட்டு வந்தார். கூடவே ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்தார். வேறு யார், அண்ணன்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆளும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காராமல் வாசலிலேயே நின்றார். முகத்தில் பழகிய சாயலே கிடையாது. குனிந்து இஞ்சினைத் தொட்டார். கிக்கரைக் கையால் அமுக்கினார். தன் கையால் மாட்டிய பிளக்கை, அதுவரை பார்த்தே இராதவர் மாதிரி கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு பின் சக்கரத்தருகே உட்கார்ந்து, "செயின் லூசா இருக்கே" என்றார்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஏம்ப்பா, போன வாரம்தானே நீ டைட் வெச்ச?"

"போன வாரம் நான் உங்க மெக்கானிக்கு, வாத்தியாரே" என்றார் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. "இன்னைக்கு இந்தத் தம்பி கூட வந்திருக்கேன்."

சொன்னதோடு விடவில்லை, விலையில் இருநூறு ரூபாய் குறைத்த பிறகுதான் ஆயாவின் வரக்காப்பியை வாங்கினார்.